மலைப் பக்கத்து இருக்கை

அந்த ஊரில் முக்கியமான எந்த முடிவும் வெந்நீர்த் தொட்டிக்கு வெளியே எடுக்கப்பட்டதில்லை. போதகரம்மாவை வேலைக்கு அழைப்பது என்று தீர்மானித்ததும், துறைமுகச் சுவருக்கு என்ன நிறம் என்று பேசி முடித்ததும் நீச்சல் குளத்தின் ஓரத்தில், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தபடிதான். தொட்டிக்குள் ஒத்துக்கொண்டதைக் கரையேறித் துண்டால் துடைத்துக்கொண்ட பிறகு மாற்றிப் பேசுவது மரியாதையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, ஸ்டைன்வோர் தொட்டிக்குள் ஒரு வரைபடத்தோடு இறங்கினாள். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஓரங்களை ஒட்டியிருந்தாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள் அவள். ஊரில் அவள் வாயில் விழாதவர் கிடையாது. வரைபடத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எதிரே இருந்த எய்விந்துரின் மார்பு வரைக்கும் தள்ளிவிட்டாள்.

"எய்வி, பதினோரு வருஷமா தக்காளி பாத்தாச்சு. தக்காளிக்கே நம்ம மூஞ்சி அலுத்துப்போயிருக்கும். இந்த வருஷம் வடக்கே போறோம்."

"போன தடவை ஒரு தக்காளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு" என்றார் பக்கத்தில் இருந்த பிராகி. நாற்பது வருடம் மீன்பிடிப் படகில் போய்வந்த கிழவர்.

சபையின் முதியவர்கள் ஆண்டுதோறும் ஜூனில் ஒருநாள் சுற்றுலா போவார்கள். பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டி ஓய்வு பெற்ற எய்விந்துர்தான் அன்றைக்கு ஓட்டுநர். வழியைத் தீர்மானிப்பதும் அவர்தான். பதினோரு வருடமாக வண்டி தெற்கே, உள்நாட்டில் இருக்கும் கண்ணாடிக் கூடாரத் தக்காளித் தோட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

ஸ்டைன்வோரின் திட்டம் தெளிவாக இருந்தது. கடற்கரையோடு வடக்கே போவது. கரை ஒதுங்கிய மரங்கள் குவிந்து கிடக்கும் மணலில் இறங்கிக் காப்பி. மூடிக் கிடக்கும் பழைய மீன் ஆலையில் வெண்ணெய் தடவிய கருவாடு. பிறகு சரிவைக் கடந்து, பாதை முடிகிற இடத்தில் இருக்கும் சின்னத் தேவாலயத்தில் ஆராதனை. அது முடிந்ததும், அலையடிக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு வெந்நீர்க் குளத்தில் குளியல். கேட்கக் கேட்கத் தொட்டியில் இருந்த எல்லோரும் சரி சரி என்றார்கள்.

எய்விந்துருக்கு 'சரிவு' என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை.

ஆலைக்கும் தேவாலயத்துக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர். மலையின் விலாவில் செதுக்கிய சரளைப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் நேரே கடல். தடுப்பு எதுவும் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, பாதி உருகிய பனிச் சேற்றில் வண்டியின் பின்சக்கரம் வழுக்கி விளிம்பைத் தாண்டியது. அரை நிமிடம் அப்படியே தொங்கியது. ஒரு கல் உருண்டு கீழே போனது. அது விழும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார், சத்தமே வரவில்லை. பிறகு எப்படியோ சக்கரம் ஏறிவிட்டது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை, அந்த மாதமே பள்ளி வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டார்.

சொன்னால் ஓட்டுநர் இருக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கொடுப்பதுதான் நியாயம் என்றும் அவருக்குத் தோன்றும். ஆனால் மனைவி இறந்து நாலு வருடமாகிறது. அந்த ஜூன் நாளை விட்டால், வாசலில் நின்று அவருக்காக யாராவது காத்திருக்கும் நாள் வருடத்தில் வேறு கிடையாது.

பாதை எப்படி இருக்கிறது என்று தானே முதலில் போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லி அன்றைக்குத் தப்பித்தார்.

வியாழக்கிழமை தன் காரில் போனார். ஆலை வரைக்கும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். முதல் வளைவு தெரிந்ததும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. ஆண்டவரே, ஒரு வளைவு மட்டும் கடத்திவிடும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். ஆண்டவர் தயாராகத்தான் இருந்திருப்பார், இவருக்குத்தான் கை வரவில்லை. இரண்டு குட்டிகளோடு ஒரு பெண்ணாடு பாதையோரம் நின்று, அவர் இருநூறு மீட்டரைப் பின்னோக்கியே ஓட்டிப்போவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தொட்டியில், சரிவில் பாறை சரிந்து கிடப்பதாகவும் சீராக்க இரண்டு வாரமாகும் என்றும் அவர் சொன்னார். அந்தக் கரையில் பாதையைப் பற்றிப் பொய் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். பாதை முடியும் இடத்தில் ஒரு சொந்தக்காரனாவது இல்லாத வீடே ஊரில் கிடையாது. நெருக்கடியில் அவருக்கு அது மறந்துபோனது.

பிராகி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் என் மருமகன் ஸ்வெரிர் அந்த வழியாத்தான் லாரியில மீன் கொண்டுவந்தான். பாறையெல்லாம் எந்திரிச்சு நின்னு அவனுக்கு வழி விட்டுச்சா?"

சிலர் சிரித்தார்கள். எய்விந்துரின் முகம் சிவந்தது. வெந்நீர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டைன்வோர் மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பை அவை பிடித்திருந்த பிடி குளிக்க வந்தவனுடைய பிடி அல்ல.

"அவனை ஏன் குடையுற?" என்றாள் அவள். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். எனக்கு அந்தச் சரிவுன்னா பயம்."

வரைபடத்தை வீராப்பாகக் கொண்டுவந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் நெஞ்சு படபடத்ததாகவும், ஏதாவது சொல்லித் திட்டத்தைக் கலைக்கும்படி எய்வியிடம் கெஞ்சியதாகவும் கூசாமல் சொன்னாள். எய்விந்துர் வாய் திறந்தார். தண்ணீருக்கு அடியில் அவள் கால் அவர் காலை மிதித்தது.

பிராகிக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருடமாக அவள் வாய்க்குப் பயந்து நடந்த ஊர் அது. மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. கடையில் பால் எடுக்கப் போனவளிடம், மேல்தட்டு உயரமாச்சே, தானே எடுத்துத் தரட்டுமா என்று கடைக்காரப் பெண் அக்கறையாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இந்த வருடமும் சுற்றுலா தெற்கேதான் என்று போதகரம்மா அறிவித்தபோது, ஆர்கன் நாற்காலியின் காலைக் கொஞ்சம் வெட்டிக் கொடுக்கலாமா என்று பிராகி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார். சபையே சிரித்தது. ஸ்டைன்வோர் திரும்பித் தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டு அடுத்த பாட்டை வாசித்தாள்.

எய்விந்துர் மட்டும் பாடவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனார். அவள் காப்பியும், காலையில் முறுக்கி எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டியும் எடுத்து வைத்தாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று கேட்டார்.

"நீ தக்காளிப் பைத்தியம்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டேன். வெள்ளிக்கிழமைதான் புரிஞ்சுது. முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த மேப்பை எடுத்தே வந்திருக்க மாட்டேன்."

"அதுக்காக ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்கணுமா?"

"நான் எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன். ஒரு வாரம் திருப்பி வாங்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவேன்? எனக்குப் பழக்கம், உனக்கு இல்லை. ரொட்டியைத் தின்னு, காப்பி ஆறுது."

அவர் தின்றார். குளிர்பதனப் பெட்டியின் மேல் அந்த வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதோடு ஒரு தாள். பாதை முடியும் தேவாலயத்தின் பெயரைத் தலைப்பாக எழுதி, கீழே ஐந்து பாட்டுகளின் எண்களை அவள் குறித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மெதுவாக, சத்தமாக என்று சின்னச் சின்னக் குறிப்புகள். இவ்வளவையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் கடைக்காரப் பெண்ணோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறர் வெட்கத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்கிறவர்கள் அதைப் பெரிய காரியமாக நினைப்பதில்லை. அதனாலேயே அதை அவர்கள் தோளில் விட்டுவைக்க நமக்கு மனம் வருவதில்லை.

திங்கட்கிழமை காலை எய்விந்துர்தான் முதலில் தொட்டியில் இறங்கினார். எல்லோரும் வந்து சேரும்வரை பொறுத்திருந்தார்.

"பாறை எதுவும் சரியல" என்றார். "ஸ்டைன்வோர் என்கிட்ட எதுவும் சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை முதல் வளைவிலேயே பயந்துபோய் நான்தான் திரும்பி வந்தேன்."

பிறகு அந்த அக்டோபரையும், தொங்கிய சக்கரத்தையும், சத்தம் வராத கல்லையும் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வடக்கேயே போகட்டும், வேறு யாராவது ஓட்டட்டும் என்று முடித்தார்.

பிராகி என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் காதைத் துடைத்துக்கொண்டார்.

"சரிவு எத்தனை கிலோமீட்டர்?"

"பன்னெண்டு."

"ஸ்வெரிர்கிட்ட பஸ் லைசென்ஸும் இருக்கு. ஆலைக்கிட்ட வந்து நிக்கச் சொல்றேன். போறப்பவும் வர்றப்பவும் அந்தப் பன்னெண்டை அவன் ஓட்டுவான். மிச்சம் நூத்துச் சொச்சம் இருக்கே, அதை யார் ஓட்டுறது? நீதான். வேற யார் ஓட்டினாலும் எனக்கு வயித்தைப் புரட்டும்."

ஒருவரும் மறுக்கவில்லை. தொட்டிக்குள் சொன்னது, அதனால் முடிவாகிவிட்டது. மூன்று நாளாகத் தான் யோசித்து யோசித்துச் செய்த கிண்டலெல்லாம் ஆள் மாறிப் போய்விட்டதே என்று பிராகி ஸ்டைன்வோரிடம் வருத்தப்பட்டார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதமே அதுதான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பதாகவும், வேண்டுமென்றால் திருப்பித் தருவதாகவும் சொன்னாள்.

புதன்கிழமை, நீச்சல் குளத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் லோவா ஒரு தாளை ஒட்டி வைத்தாள். வண்டியில் பதினான்கு இருக்கைகள், இடது பக்கம் ஏழு, வலது பக்கம் ஏழு. போகும்போது கடல் தெரியும் பக்கம், மலைப் பக்கம் என்று இரண்டாகக் கோடு போட்டிருந்தாள். கடல் பக்கத்துக்கு அடிதடி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அப்படிச் செய்தாளாம்.

எய்விந்துர் தன் முறை கடைசியில் வரட்டும் என்று விட்டிருந்தார். ஸ்வெரிர் ஓட்டும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது, கடல் பக்கத்தில் ஸ்டைன்வோரின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. மலைப் பக்கத்தில் ஏழு பெயர்களும் நிரம்பி, எட்டாவதாக யாரோ ஒருவர் ஓரத்தில் செருகியும் இருந்தார். முதல் பெயர் பிராகியுடையது.

எய்விந்துர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பயந்தவர்கள் இத்தனை பேரா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்து, மூச்சை இழுத்துக்கொண்டு கடல் பக்கத்தில் எழுதப்போனார்.

பின்னாலிருந்து ஓர் ஈரக்கை வந்து பேனாவைப் பிடுங்கியது. பிராகி தன் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் மேல் 'எய்வி' என்று எழுதினார். தன் பெயரை ஸ்டைன்வோரின் கீழே எழுதினார்.

"நாப்பது வருஷப் பழக்கம் எனக்கும் அந்தக் கடலுக்கும்" என்றார். "நான் அந்தப் பக்கம் உக்காரலைன்னா அது கோவிச்சுக்கும்."

மலைப் பக்கத்தில் முதல் ஆளாக எழுதி, இப்போது அடிபட்டுக் கிடந்த அந்தப் பெயரை எய்விந்துர் பார்த்தார். கருவாட்டைத் தான் கொண்டுவருவதாகவும், வெண்ணெய் மட்டும் பிராகி எடுத்துவந்தால் போதும் என்றும் சொன்னார். உப்புப் போட்டதா போடாததா என்று பேசிக்கொண்டே இருவரும் வெளியே போனார்கள்.