பாதியாகச் சுண்டிய தண்ணீர்

ஆறாம் வகுப்பில் கரைசல் பாடம் வந்தால் அருள்ராணிக்குத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. வருடாவருடம் அதே பீங்கான் கிண்ணம், அதே சாராய விளக்கு, ஒரு பிடி கல்லுப்பு. உப்பைத் தண்ணீரில் கலக்குவாள். துணியில் வடிகட்டுவாள். யாராவது ஒரு பிள்ளையை அழைத்து, வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வாள். கரிக்கும். கரைந்ததைத் துணியால் பிடிக்க முடியாது என்று பலகையில் எழுதுவாள். பிறகு கிண்ணத்தை விளக்கின் மேல் வைப்பாள். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மணியும் அடித்துவிடும்.

இந்த வருடம் அந்த வகுப்பில் அவளுடைய மகள் ஜெனியும் இருந்தாள். முதல் பெஞ்சில், ஓரத்தில். ஜெனிக்கு முட்டிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று உரசும். பாதங்கள் விலகி நிற்கும். நடந்தால் உடம்பு முழுக்க ஆடும். பெஞ்சுக்கு நடுவில் புகுந்து உட்கார முடியாது என்பதால் ஓரம்.

கால் வளைவது ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்கியது. பாப்பாரப்பட்டியில் எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வெள்ளியில் கால் செய்து போட்டார்கள். இப்போது தருமபுரியில் எலும்பு டாக்டர். அவர் ஜெனியை முட்டி சேர்த்து நிற்க வைத்து, கணுக்கால்களுக்கு நடுவில் டேப் பிடித்து அளப்பார். அந்த இடைவெளி குறைந்தால் பிழைத்தோம். வருகிற சனிக்கிழமை மறுபடியும் அளக்க வேண்டும்.

தம்பி ஆரோக்கிய பிரவீனுக்கு இரண்டு வயது குறைவு. அவன் கால் நேராக இருந்தது. ஒரே வீடு, ஒரே சோறு. தெருவில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

"எளையவனுக்கு ஒண்ணுமில்லியே டீச்சர். பெருசுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"



வகுப்பில், கிண்ணத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்தது.

"பாத்தீங்களா? தண்ணி ஆவியாப் போயிடுச்சு. கரைஞ்சிருந்தது இங்கயே நின்னுடுச்சு."

கடைசி பெஞ்சில் குரு எழுந்தான். "டீச்சர், உப்பு போடாத தண்ணியக் காச்சுனா?"

"ஒண்ணும் நிக்காது."

"காச்சிக் காட்டுங்க டீச்சர்."

"உனக்கு அடுத்த பாடம் நடக்கக் கூடாது. அதான?"

வகுப்பு சிரித்தது. மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அருள்ராணி கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். வகுப்புக் குடத்திலிருந்து ஊற்றினாள். பள்ளிக்கும் தெருவுக்கும் ஒரே போர் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் ஊர் எல்லை வரை வந்திருந்தது, மேட்டுக்கு ஏறவில்லை.

தண்ணீர் வற்றியது. கிண்ணத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று ஒட்டியிருந்தது. சூடு ஆறியதும் விரலால் தேய்த்தாள். போகவில்லை.

"நிக்குது டீச்சர்!"

"உப்பு போடாமயே உப்புடா!"

"டீச்சர் பெயிலு!"

அருள்ராணியும் சிரித்துவிட்டாள். "நம்ம போர் தண்ணியில என்னதான் இல்ல? சுண்ணாம்பு, உப்பு, பல்லுல கறை ஏத்தி எலும்புலயும் ஏறுதே அந்த ஃபுளோரைடு, எல்லாம் கரைஞ்சு கெடக்குது. காச்சினா தண்ணி மட்டுந்தான் போவும். மத்ததெல்லாம்…"

விரல் கிண்ணத்தின் அடியிலேயே நின்றது.

ஜெனி மேசையைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது.

"டீச்சர், என் தண்ணிச் சட்டியிலயும் இப்படித்தான ஒட்டியிருக்கும்?"

"போய் உக்காரு" என்றாள் அருள்ராணி.

வீட்டில் ஜெனியின் தண்ணீர் தனி. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தாள். நர்ஸ், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றாள். அந்தப் பக்கத்தில் குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சுவது என்றால் கஷாயம்போல. சட்டி நிறைய ஊற்றி, பாதியாகச் சுண்டிய பிறகுதான் இறக்குவார்கள். கொதித்த உடனே இறக்குகிறவள் சோம்பேறி. அருள்ராணி சோம்பேறி இல்லை. அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. மாதா திருவிழாவுக்குப் போனாலும் பாட்டிலில் கொண்டுபோனாள்.

பிரவீன் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டான். "அடி புடிச்ச வாசன வருது" என்பான். ஓடிப்போய்ப் போர் தண்ணீர்க் குழாயில் வாய் வைப்பான். அதற்காக அவனை அடித்திருக்கிறாள். "அக்காளப் பாரு, சொன்னா கேக்குறா" என்று சொல்லி அடித்திருக்கிறாள்.

அன்று மாலை அடுப்பில் சட்டி ஏறவில்லை. கடையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் வந்தது. கணவர் சவரிமுத்து தக்காளி லோடு இறக்கிவிட்டு வந்து, வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"பாப்பாவுக்குத் தண்ணி வைக்கலியா?"

"இனிமே வேண்டாங்க."

"ஏன்? சளி புடிச்சா யாரு பாக்கறது?"

அவள் சொன்னாள். வகுப்பில் சொல்வதுபோலவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

"காச்சினா கிருமி செத்துப்போவுமில்ல?" என்றார்.

"கிருமி சாவும். இது கிருமி இல்லங்க. கரைஞ்சிருக்கிறது. தண்ணி பாதியாப் போனாலும் இது அப்படியே நிக்கும்."

"அப்ப அவ குடிச்சது?"

"நாம குடிச்சதப்போல ரெண்டு பங்கு."

ஜெனி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிமுத்து அந்தப் பக்கம் பார்த்தார். திரும்பி அருள்ராணியைப் பார்த்தார்.

"இது பாடத்துல இருக்குதா?"

"இருக்குதுங்க."

"வருசாவருசம் நடத்துற."

"ஆமாங்க."

அவர் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேன் தண்ணீர் ஜெனிக்குப் பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கிறது என்றாள். தன் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அருள்ராணி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை சவரிமுத்து லோடு இருக்கிறது என்றார். அம்மாவும் மகளும் மட்டும் தருமபுரிக்குப் போனார்கள். டாக்டர் ஜெனியை முட்டி சேர்த்து நிற்க வைத்தார். டேப்பைப் பிடித்தார். மறுபடியும் பிடித்தார்.

"கூடியிருக்கும்மா. ஒரு விரக்கடை கூடியிருக்கு." நாற்காலிக்குப் போனார். "காச்சின தண்ணிதான குடுக்கறீங்க? அன்னைக்கே கேட்டேன்."

"பாதியாச் சுண்டக் காச்சினது சார். கைக்குழந்தையிலருந்து."

டாக்டர் பேனாவை மூடினார். "பாதியான்னு நீங்க சொல்லலியே."

"தெரியாது சார், அத சொல்லணும்னு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர் சார். ஆறாவது, ஏழாவதுக்கு சயின்ஸ்."

அவர் எழுந்தார். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். எலும்பு வெளேரென்று சுண்ணாம்புக் கட்டிபோல இருந்தது.

"தண்ணிய மாத்திட்டேன் சார். கேன் தண்ணிதான் இப்ப. இனிமே குறையுமில்லீங்களா?"

"மாத்துனது நல்லது. இதுக்கு மேல அதிகமாகாம இருந்தாப் போதும், அதுவே நிச்சயமில்ல. உள்ள போனது எலும்போட எலும்பா ஆயிடுச்சும்மா. மருந்து குடுத்துப் பிரிச்செடுக்கற சமாச்சாரம் இல்ல."

"ஆபரேசன்?"

"வளர்ச்சி நின்னப்புறம் வெட்டி நேரா வைக்கலாம். இந்த எலும்பு வெட்டுனா ஒழுங்காக் கூடுமான்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க."

ஜெனி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வார் சரியாக விழவில்லை. நிமிராமல் அதையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஜெனி வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொள்வாள். இன்று முன்னால் போனாள். பழக்கடை நிழலில் நின்று திரும்பினாள்.

"குழாத் தண்ணி குடிச்சான்னு தம்பிய அடிச்சியே."

"ம்."

"நான் ஒரு தடவகூட குடிக்கல."

"தெரியும் சாமி."

"நீ சொன்னதத்தான் குடிச்சேன்."

அருள்ராணி கையை நீட்டினாள். ஜெனி அதைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பாப்பாரப்பட்டி பஸ் வந்தது. படி உயரம். எப்போதும் அருள்ராணி அக்குளில் கை கொடுத்து மகளைத் தூக்கிவிடுவாள். இன்று ஜெனி அந்தக் கையைத் தள்ளினாள். கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தாள். அடுத்த காலை எடுக்கும்போது முட்டி முட்டியில் இடித்தது. காலை இறக்கினாள். மறுபடியும் வைத்தாள். பின்னால் கூட்டம் சேர்ந்தது.

"யம்மா, புள்ளயத் தூக்கி வுடும்மா" என்றார் கண்டக்டர். "வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறியே, பெத்தவதான நீ?"

அருள்ராணியின் கை பாதி வரை எழுந்து நின்றது. ஜெனி கம்பியில் நெஞ்சைச் சாய்த்து, உடம்பைப் புரட்டி, மேலே ஏறிவிட்டாள்.

முன்பக்கம் பூக்கூடையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். ஜெனி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு இடம்தான் இருந்தது. அருள்ராணிக்கு அதற்கு நேர் பின் சீட் கிடைத்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் கிழவி குனிந்து பார்த்தாள்.

"காலுக்கு என்னா கண்ணு?"

ஜெனி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பொறந்ததுலருந்தே இப்படித்தாங்க ஆயா" என்றாள் ஜெனி.

"யாரு செஞ்ச பாவமோ" என்று சொல்லி, கிழவி கூடையிலிருந்து ஒரு துண்டுப் பூவைக் கிள்ளிக் கொடுத்தாள். ஜெனி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வகுப்பில் தப்பாகச் சொன்னால் அருள்ராணி விடமாட்டாள். எழுந்து நிற்கவைத்துத் திரும்பச் சொல்லச் சொல்வாள். அவள் வாயைத் திறக்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் போய்க்கொண்டிருந்தது.