செனட்டர் வாசித்த வரி

...சரியாக அந்த வரிக்கு மட்டும் செனட்டர் ஏன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அதுவரை குடிவரவு மசோதா, பிரிவு, உபபிரிவு, தேசப் பாதுகாப்பு, அமைச்சர் ஒருவருக்கே இத்தனை அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தால் அவரைக் கேள்வி கேட்கப்போவது யார் என்று பத்து நிமிடமாகக் கண்ணாடியோடுதானே பேசினார், அந்த இடம் வந்ததும் கழற்றி மேசையில் வைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, தாளைப் பார்க்காமலே சொன்னார், “யாராவது கதவைத் தட்டினால் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிவிட்ட பிறகுதான் நான் திறக்கிறேன், எங்களைக் கொண்டுபோக வந்தவர்களாக இருந்தால் அவன் வெறுங்காலோடு போகக் கூடாது, இது ஹோம்புஷில் இருக்கும் வசந்தினி என்ற தாய் எனக்கு எழுதியது, பாதுகாப்பு பாதுகாப்பு என்கிறீர்களே, இவளுடைய பாதுகாப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது?” போனில் அந்த வீடியோவை ஏழாவது தடவையாக அந்த இடத்திலேயே நிறுத்தினாள் யோசப்பின். வசந்தினி. செனட்டர் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு வடிவாக வந்து விழுகிறது, ஒரு எழுத்துப் பிசகவில்லை, பழகிப் பார்த்திருப்பாராக்கும்... மடியில் ஹரிஸ் பார்க்கில் வாங்கிய இனிப்புப் பெட்டி சூடாக இருந்தது. ரயில் ஓபேர்னில் நின்று கிளம்பியது. பவளராணி அன்ரி காலையிலேயே போன் எடுத்துவிட்டார், “யோசப்பின், நீதானே பிள்ளை வசந்தினிக்குக் கிட்ட, வரேக்க ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக்கொண்டு வா, பின்னேரம் எல்லாரும் அவள் வீட்டதான்.” ஓம் அன்ரி, வாறன் அன்ரி. வேறென்ன சொல்வது, வயிறு எரியுது அன்ரி, வரமாட்டன் எண்டா சொல்லலாம்?

எழுதியதாம். வசந்தினி எழுதியதாம்! அவளுக்கு இங்கிலிசில் தன் வீட்டு விலாசம் எழுதவே ஆள் வேண்டும். பன்னிரண்டு கடிதம், மாதா கோயில் ஹோலிலும் ஆட்களின் குசினிகளிலும் இருந்து, பன்னிரண்டையும் எழுதியது யார், மன்னாரில் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த இந்த யோசப்பின். விவாதத்துக்கு முன்னால் உங்கள் வாழ்க்கையை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள் என்று செனட்டர் அலுவலகம் கேட்டிருந்தது, வசந்தினியிடம் வார்த்தை எங்கே இருந்தது, குசினிக் கதிரையில் கையைப் பிசைந்துகொண்டு, “எனக்கென்னக்கா தெரியும், நீங்களே பாத்து எழுதுங்கோ” என்றாள், அவளுடைய லோஜன் நிலத்தில் குப்புறக் கிடந்து படம் கீறிக்கொண்டிருந்தான், ஏழு வயது, உள்ளங்கால் இரண்டும் கரிச்சட்டி, அந்தக் கால்களைப் பார்த்தபோதுதான் யோசப்பினுடைய பேனா தானாக ஓடிவிட்டது. ஓடியது தன் வீட்டுக் கதை, ஒரே ஒரு மாற்றம், தன் மகளை அவளுடைய மகனாக்கினாள், அவ்வளவுதான். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது வசந்தினி தலை நிமிரவில்லை, சரியா பிழையா என்றுகூடக் கேட்கவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கொடுத்து வைத்தவள்... அப்போது அது பெரிதாகத் தோன்றவேயில்லையே, மற்றவள் பெயரில் சொன்னபோது நெஞ்சுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்ததே, அதுதானே உண்மை?

தன்னுடைய கடிதத்தைக் கடைசியாக எழுதினாள், கணினியில் தட்டி, ஒன்றரைப் பக்கம், என் கணவர் டெனிஸ் பதினொரு வருடமாக ஒழுங்காக வரி கட்டுகிறார், எங்கள் மேல் ஒரு பொலிஸ் வழக்கும் இல்லை, நான் கோயில் பாடற்குழுவில் பாடுகிறேன், மகள் அஞ்சலா கணக்கில் முதலாவது. நல்ல பிள்ளைக் கடிதம். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றுவாரா அதற்கு? ஆனால் ஆங்கிலம் படிப்பித்த ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று நடுங்குகிறாள் என்று ஒரு நாட்டு செனட் முழுக்கத் தெரிய வேண்டுமா என்று ஒரு கர்வம், அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது அடி விழுந்திருக்கிறது, நன்றாக விழட்டும். அஞ்சலாவுக்கு நான்கு வயதில் இளஞ்சிவப்புச் சப்பாத்து, மேலே ஒட்டுகிற பட்டி, அந்தப் பட்டியின் சத்தம்... கதவு தட்டுப்பட்டால் அந்தக் குழந்தை தானாகவே வந்து காலை நீட்டும். நேற்று அதே குழந்தை, பதினான்கு வயது, வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்தது, “மம், தட் வாஸ் அஸ்.” அது நாங்களல்லவா என்கிறாள். வாயை மூடு எண்டு சொல்லிவிட்டு யோசப்பின் ஏன் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்?

செனட்டர் வசந்தினியின் பைலைத் தானே அமைச்சர் கையில் கொடுக்கப்போகிறாராம், அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம், வசந்தினிக்கு விசா கிடைக்கட்டும், கிடைக்கக் கூடாது என்று யோசப்பின் சொல்வாளா... சொல்வாள், இந்த நிமிடம் சொல்வாள், மாதாவே மன்னியும். வெள்ளிக்கிழமை யோசப்பினுடைய சொந்த விசாவுக்கான வாக்குமூலம் போக வேண்டும், கடைசிச் சந்தர்ப்பம். லோயர் பார்த்தசாரதி சென்னைக்காரர், பொறுமையான மனுசன், நேற்று சொன்னார், “வரி கட்டுறது, பாட்டு பாடுறது எல்லாம் எல்லாரும் எழுதுறாங்கம்மா, உங்களுக்கு மட்டுமே நடந்த ஒண்ணு வேணும், செனட்ல படிச்சாங்களே அந்த ஷூ விஷயம், அந்த மாதிரி ஏதாவது இருக்கா பாருங்க.” அந்த மாதிரி! இனி அதை எழுதினால் செனட் பதிவேட்டைப் பார்த்துக் களவெடுத்தாள் என்பார்கள், அங்கே தேதி போட்டு, பெயர் போட்டு, வசந்தினி என்று அச்சாகிவிட்டது, அதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. இன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால் என்ன, வசந்தினி, உன்ரை பிள்ளைக்கு நீ எப்பயடி சப்பாத்து மாட்டினனீ, அந்தப் பெடியன்ரை கால் சப்பாத்தைக் கண்டிருக்கா? கேட்கவேண்டும். இனிப்பைக் கொடுத்துவிட்டுக் கேட்கவேண்டும், இல்லை, கொடுக்க முதலே.

ஹோம்புஷில் இறங்கி, சிவப்புக் கல் பிளாட்டின் மூன்று மாடி ஏறும் வரைக்கும் அந்தக் கேள்வியை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். மற்ற நாட்களில் இரண்டாம் மாடியிலேயே “வசந்தினீ” என்று கூப்பிட்டுவிடுவாள், மேலே போவதற்குள் கதவு திறந்து கிடக்கும், தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும். இன்று அந்தப் பெயர் வாயில் வரமாட்டேன் என்றது, செனட்டர் சொல்லிவிட்டாரே, போதாதா. பேசாமல் போய்க் கதவடியில் நின்று, பெட்டியை இடக்கையில் மாற்றி, தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள், மூன்று தரம்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. பேச்சு நின்றது. பிறகு ஏதோ இழுபட்டது, யாரோ மூச்சுக்குள்ளே, “கெதியா, மற்றக் காலைத் தா” என்றார்கள்... யோசப்பின் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு நேரம், ஒரு சப்பாத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்கா தெரியாது. சங்கிலி கழன்றது. லோஜன் நின்றான், பள்ளிக்கூடக் கறுப்புச் சப்பாத்து, காலுறை இல்லை, நாடா கட்டவில்லை, இடது வலதில், வலது இடதில். அவனுக்குப் பின்னால் ஈரக் கையோடு வசந்தினி, முகத்தில் இரத்தமே இல்லை.

“ஐயோ அக்கா, நீங்களா! கூப்பிட்டுக்கொண்டு வாறதுக்கென்ன... நான் ஆரோ எண்டு...”

எப்ப தொடக்கமடி பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டுறாய், என்று கேட்க வேண்டும். கடிதம் எழுதின பிறகா, அதுக்கு முதலேயா, அன்றைக்குக் குசினிக் கதிரையில் அவள் ஏன் தலை நிமிரவில்லை... ஆனால் இத்தனை வருடத்தில் இந்தக் கதவை ஒருநாளும் தட்டியதில்லையே, எப்போதும் கூப்பிட்டுக்கொண்டுதானே வந்தாள். யோசப்பின் இனிப்புப் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, முழந்தாளிட்டு, பெடியனின் சப்பாத்துகளைக் கழற்றிச் சரியான காலில் போட்டுவிடத் தொடங்கினாள்.