மருமகள் பளு தூக்கலாகாது

கௌரவமான ஒரு குடும்பத்தின் மானம் ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது என்ற துயரச் செய்தியை மிகுந்த மரியாதையோடு உலகத்தார் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். நாற்பத்தேழு வயதானவளும், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவளும், இதுநாள் வரை எந்தப் புகாருக்கும் ஆளாகாதவளுமான ஒரு மருமகள், சனிக்கிழமை காலை வீட்டின் பின்னறையில் பார்பெல் தூக்கிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

பிடித்தவர் அவளுடைய கணவர். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மேலாளர். வீட்டிலும் அதே பதவிதான். பெற்ற தாயே அவரை ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும் தொனி மட்டும் வேறு.

உண்மையில் பார்பெல் அவருடையது. ஐம்பதாவது பிறந்த நாளுக்கு வாங்கினார். அலுவலக நண்பர்களை அழைத்து, புது பனியன் மாட்டிக்கொண்டு, “ஐம்பதுக்கு மேலதான்யா ஆம்பளைக்கு வாழ்க்கையே ஆரம்பம்” என்று சொற்பொழிவாற்றி, கம்பியைத் தரையிலிருந்து முழங்கால் வரை கொண்டுவந்தார். அங்கிருந்து அதை வாங்கித் தாங்கியில் வைக்க நண்பர்கள் ஓடிவர வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து அதில் ஈரத் துண்டுகள் காய்ந்தன.

அந்தத் துண்டுகளை மருமகள் எடுத்து மடித்து வைத்தது வாழ்க்கையை ஆரம்பிப்பதற்காக அல்ல. மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று எல்லாப் பயணமும் மருமகளின் கைகளில்தான். அதற்காகவே டெலிபோன் ஆபீஸ் வேலையை விட்டிருந்தாள். ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொள்ள, மாமியாரோடு சேர்ந்து கழிவறை வாசலில் சரிந்தாள். மாமியாரின் மண்டை சுவரில் மோத ஒரு விரற்கடைதான் பாக்கி.

மாமியாரின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இப்படியே தூக்கினீங்கன்னா இந்த வீட்ல இன்னொரு கட்டில் போடணும்மா. முதுகை வளைக்காம, உக்காந்து எழுந்திரிக்கப் பழகுங்க. அங்க துண்டு காயுதே, அந்தக் கம்பியே போதும்.”

முதலில் வெறும் கம்பி. பிறகு இருபுறமும் சின்னத் தட்டுகள். பிறகு பெரிய தட்டுகள். முன்பெல்லாம் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளும் மாமியார், இப்போது போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மேலாளர் தம்பியை வரவழைத்தார். தம்பி வக்கீல். மாமியாரின் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் போடப்பட்டன.

“என்ன அண்ணி இது? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நாலு பேரு பின்னறைக்கு வரமாட்டாங்களே தம்பி.”

“கர்ப்பப்பை இறங்கிடும்” என்றார் மேலாளர். அது எங்கே இருக்கிறது என்பது அவருக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரியும். “தோளைப் பாருடா. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கக் கூச்சமா இருக்கு.”

“நீ வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நில்லு, சரியா வரும்” என்றாள் கட்டிலிலிருந்த தாய்.

வக்கீலுக்குத் தன் கவலையும் நினைவுக்கு வந்தது. “அங்க எங்க வீட்ல பெரியம்மாவும் படுத்த படுக்கை ஆயிட்டாங்க. என் வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி. தூக்க ஆளில்லாம நான் நாய் படாத பாடு படறேன். இங்க அண்ணிக்கு விளையாட்டு!”

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். “இனிமே இந்த வீட்டுப் பொம்பளைங்க எந்தப் பளுவும் தூக்கக் கூடாது.”

“எந்தப் பளுவுமா?”

“எந்தப் பளுவும்தான்.”

“சரி தம்பி.” அவள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள்.

“பாத்ரூம் போகணும்” என்றாள் மாமியார்.

எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“என்ன உக்காந்திருக்கே?” என்றார் மேலாளர்.

“பளு தூக்கக் கூடாதுன்னு இப்பதானேங்க சொன்னாங்க. அத்தை அந்தக் கம்பியை விடக் கனம்.”

“அது வேற, இது வேற!”

“எந்தக் கனம் வரைக்கும் வேறன்னு சொல்லிட்டா நல்லது.”

“சீக்கிரம் வாதாடி முடிங்கடா” என்றாள் மாமியார். “என்னால வாய்தா எல்லாம் தர முடியாது.”

மேலாளர் அக்குளில் கை கொடுத்தார். வக்கீல் காலைப் பிடித்தார்.

“டேய், நான் என்ன பீரோவா? மெதுவாடா! கையை எடுடா, கூசுது!”

உடம்பு கட்டிலை விட்டு ஒரு சாண் எழுந்தது. மேலாளரின் இடுப்பில் ஏதோ ‘டக்’ என்றது.

“ஐயோ, அம்மா!”

“இங்கதான்டா இருக்கேன். விட்டுடாதே!”

விட்டுவிட்டார். விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் இரண்டு கால்களையும் பிடித்தபடி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்க, மாமியார் கட்டில் விளிம்பிலிருந்து நழுவத் தொடங்கினாள். முகத்தில் பழைய பயம் வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

செய்தித்தாள் தரையில் விழுந்தது. மருமகள் வக்கீலைத் தோளால் தள்ளினாள். குந்தி உட்கார்ந்து, மாமியாரை மார்போடு அணைத்து, முதுகு வளையாமல் எழுந்து நின்றாள். அவ்வளவுதான்.

கழிவறை வாசலில் மாமியார் அவள் காதோரம் சொன்னாள்: “அந்தக் கம்பியை மட்டும் விட்டுடாதடி.”

அவர்கள் திரும்பி வருவதற்குள் தீர்ப்பு திருத்தப்பட்டிருந்தது. “காலம் மாறிடுச்சு அண்ணி” என்றார் வக்கீல். “பெண்கள் வலுவா இருக்கணும். உங்களுக்கு முழு அனுமதி.” தரையில் மல்லாந்திருந்த மேலாளரும் பெரிய மனதோடு ஆமோதித்தார். தான்தான் மனைவிக்குப் பயிற்சி கொடுப்பதாகப் பின்னர் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்.

விடைபெறும்போது வக்கீல் அண்ணியின் தோள்களை ஒருமுறை நின்று பார்த்தார். வாடகைக்கு லாரி பேசப் போனவர் பார்க்கிற பார்வை. அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தட்டு ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பெரியம்மாவையும் கொண்டுவந்து இங்கேயே படுக்க வைத்தார்கள்.