தொப்பைக்காரர் இருக்கிறாரா?

எனக்கு இந்த ஊரை உச்சியிலிருந்துதான் தெரியும். டவர் கிரேன் ஓட்டுகிறவன் நான். வந்து மூன்று வருஷமாகிறது. விடிந்தால் ஏணி, இருட்டினால் படுக்கை. எந்த மொட்டைமாடியில் எத்தனை தண்ணீர்த் தொட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெருப் பெயர் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். முகம் கொடுத்துப் பேசாத ஊர் என்று இதைத் திட்டாத நாளில்லை.

நேற்று ராத்திரி புயல். கிரேனைச் சோதித்து இன்ஜினியர் கையெழுத்துப் போடும்வரை யாரும் ஏறக்கூடாது என்று இன்று லீவு விட்டார்கள். மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் தொப்பைக்காரரால்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் நான் கேபினில் உட்காரும் நேரத்துக்கு, பச்சைக் கைப்பிடிச்சுவர் வைத்த ஒரு மொட்டைமாடியில், தகரக் கொட்டகையிலிருந்து வெளியே வருவார். குனிந்து காலைத் தொடப் பார்ப்பார், தொப்பை விடாது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். இந்த ஊரில் தூக்கு, இறக்கு என்று வேலை வாங்குவதற்காக இல்லாமல் எனக்குக் கை ஆட்டிய ஒரே மனுஷர் அவர்தான். அவர் குடியிருப்பதோ தகரத்துக்குக் கீழே.

கிளம்பிவிட்டேன். மேலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம். கீழே, அடேயப்பா, சந்துக்குள் சந்து!

"ரெண்டு நீலத் தொட்டி வச்ச வீட்டுக்குப் பின்னாடி, பச்சைச் சுவர் மொட்டைமாடி... எந்தப் பக்கம்ங்க?"

விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, நீங்க என்ன பருந்தா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் வீட்டு மாடிக்கு என்னை ஏற்றிவிட்டதும் அவர்தான். புண்ணியவான். மேலே போனதும் வழி பளிச்சென்று தெரிந்தது.

பச்சைச் சுவர் இருந்தது. கொட்டகை இல்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். துடைப்பமும் கையுமாக ஒரு அம்மா வந்தார்.

"மாடியில ஒருத்தர் இருந்தாரே..."

"என் தம்பி. அவனுக்கென்ன இப்ப?"

"நல்லா இருக்காரா?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கான். நேத்து சாயங்காலமே கீழ இழுத்துட்டு வந்துட்டேன்."

அப்பாடா! வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா விடவில்லை.

"ஆனா ராத்திரி ஒரு பொட்டு தூங்க விட்டானா? அந்தக் கிரேன் தானா சுத்துது, உள்ள அதை ஓட்டுற தம்பி மாட்டிக்கிட்டான்னு ஜன்னலை விட்டு நகரலை. பேர் தெரியாது, ஊர் தெரியாது. பொழுது விடிஞ்சதும் பார்த்துட்டு வரேன்னு கிளம்பிட்டான். அங்க கேட்ல வாட்ச்மேன், அந்தத் தம்பி நல்லா இருக்கார்னு சொல்லியும் நம்பலையாம். கண்ணால பார்க்காம வரமாட்டானாம்."

பலத்த காற்றில் கிரேனின் கையை அதன் போக்கில் சுற்ற விட்டுவிட்டு நாங்கள் இறங்கிவிடுவோம். இறுக்கிப் பிடித்தால்தான் ஆபத்து. அது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்? நான் அறையில் குறட்டை விட்ட நேரத்தில் எனக்காக ஒரு மனுஷர் கண் விழித்திருக்கிறார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமா, நீங்க யாரு?"

"அந்தத் தம்பி நான்தாங்க."

துடைப்பம் கீழே விழுந்தது. அந்த அம்மா போனை எடுத்தார்.

"டேய், அந்த கேட்டை விட்டு வாடா. உன் ஆளு நம்ம வீட்டு வாசல்ல உக்காந்து அழுவுறாரு."