மாதம் ஒரு கிலோமீட்டர்

கோட்பாட்டு இயற்பியலில் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால், தான் கணக்கிட்ட ஒளியே நேர்காணலுக்கு வந்து நிற்க வேண்டும். ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கருவியைக் காட்டினால் போதும். காகிதமும் பேனாவுமாகக் காலம் தள்ளுகிறவர்களிடம் வேறு எதைக் கேட்பது?

அங்கயற்கண்ணியின் ஒளி மதுரையிலிருந்து கிளம்பிப் பதினெட்டு வருடம் ஆகிறது. குவாண்டம் ஒளியியலில் முனைவர் பட்டத்துக்காக அதைக் கணக்கிட்டபோது, அந்தத் துறையின் வழக்கப்படி ஒளியின் வேகத்தை ‘ஒன்று’ என்று எழுதிவைத்தாள். மை மிச்சம். எந்த அலகில் ஒன்று என்று யாரும் எழுதுவதில்லை, அவளும் எழுதவில்லை. அவளுடையது சொல் தட்டாத ஒளி. மாதத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அவள் வேலை பார்க்கும் கோயம்புத்தூருக்கு நடையைக் கட்டியது.

முதல் நேர்காணலின்போது அது ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்தது. இரண்டாவதின்போது தாராபுரமே தாண்டவில்லை. மூன்றாம் முறையும் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் இணைப் பேராசிரியர்தான்.

“ஏனுங்க மேடம், அந்த ஒன்னை அடிச்சுட்டு சரியான வேகத்தை எழுதிப்போடுங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும்” என்றார் துறைத்தலைவர் குலசேகரன்.

“கணக்குல பிழை இருந்தா அடிக்கலாம் சார். பிழைதான் இல்லையே. நடந்தே வரட்டும்.”

பிடிவாதமா என்றால் பிடிவாதம்தான். நூற்றுப் பத்துப் பக்கம், ஒரு கழித்தல் குறிகூடப் பிசகவில்லை. பதவி அவளுக்கு வேண்டும், அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அதற்காக அந்தப் பக்கங்களில் கைவைக்க மனம் வரவில்லை.

மூன்றாவது நேர்காணல் காலை பத்து மணிக்கு. ஒளி சரியாகப் பத்துக்கு அறை வாசலில் நின்றது. முறைப்படி விளக்கை அணைத்து, சன்னலைச் சாத்தினார்கள். வாசலிலிருந்து மேசைக்கு நாலு மீட்டர். குழுவினர் இருட்டில் போண்டா தின்றுகொண்டு காத்திருந்தார்கள். மதியம் ஒரு மணி சுமாருக்கு மேசை விளிம்பு வெளுத்தது.

கிளம்பும்போது எதைப் பார்த்ததோ அதைத்தானே ஒளி காட்டும்? மேசைக்கு அந்தப் பக்கம் முப்பத்து நான்கு வயது அங்கயற்கண்ணி உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை, விரலெல்லாம் மை. கடைசிப் பக்கத்தை அப்போதுதான் முடித்திருந்தாள்.

“இப்படி ஒரு ஒளியே கிடையாதுங்கறாங்க எல்லாரும்” என்றாள் இளையவள். “வருமா?”

“வந்துருச்சு, பாரு” என்றாள் அங்கயற்கண்ணி. இத்தனை பெருமை அவள் அதுவரை பட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வேண்டுமட்டும் பட்டுக்கொண்டாள்.

குழுத்தலைவர் ஆணையில் கையெழுத்திட்டுப் புதிய பேராசிரியரிடம் நீட்டினார். பிறகு, காலியான இணைப் பேராசிரியர் இடத்துக்கு யாராவது உண்டா என்று கேட்டார். இளையவள் கை தூக்கினாள்.

அனுபவம் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் ஒளி கையோடு இருக்கிறது என்றார் குலசேகரன். அங்கயற்கண்ணி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள்.