அப்பா சொன்னதாக அவள் சொன்னது

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. மேல்மாடி வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு. நான் பின்னால் நிற்பதை மறந்து, கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வர லேட்டாகுமாம்... இல்ல. அம்மா, சாப்பிட வெயிட் பண்ண வேணாம்னாரு அப்பா. பாவம், நீ பசியோட இருப்பியேன்னு."

இரண்டாவது நன்றாக இருந்தது. பொய் என்பதும் தெரிந்தது. மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

அது ஓர் அழகான குடும்ப

(அடித்துவிட்டேன். அழகான குடும்பத்தைப் பற்றி எவன் கதை எழுதுவான்?)

ஒரு சண்டையில் அப்பா ஏதோ கடுமையாகப் பேசிவிட்டார்; அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. ஒரே வீட்டுக்குள் எல்லாம் மகள் வழியாகத்தான்.

"இது வீடா லாட்ஜான்னு உங்கப்பாகிட்ட கேளு."

மகள் ஹாலுக்குப் போய், "அப்பா, அம்மா உங்கள சீக்கிரம் வரச் சொல்றாங்க" என்பாள்.

"உங்கம்மாவுக்கு வேற வேலையே இல்லையாமா?"

அது அடுப்படிக்கு வந்து சேரும்போது, "சரின்னுட்டாரும்மா" என்று ஆகியிருக்கும்.

பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறாள். பரீட்சை டென்ஷனாம். ஊரில் இருக்கிற அத்தனை பெண் பிள்ளைகளின் வயிற்றுவலிக்கும் பாவம் பரீட்சைதான் பழி சுமக்கிறது.

(இங்கே அவளுக்கு ஒரு தோழியைச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இதையெல்லாம் வெளியே சொல்ல அவளுக்குப் பயம்.)

3

இந்த இடத்தை எழுதப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு சாயங்காலம், அம்மா அடுப்படியில் தனியாக நின்று அழுவதை மகள் பார்த்துவிட்டாள். அதுவரை வந்த சொல்லைத் திருத்தித்தான் கொடுத்திருக்கிறாள். அன்று அப்பா ஒன்றுமே சொல்லியனுப்பவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அம்மா, அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதான்னு அப்பா சொன்னாரு."

அம்மா முகத்தைத் துடைத்தாள். "நிஜமாவா?"

"ம்."

"சரி, வரட்டும். நானே அவர்கிட்ட பேசுறேன்."

அந்த இரண்டு பேரும் பேசிவிட மாட்டார்களா என்று நீங்களும் நானும் ஏங்குகிறோம். பேசினால் தொலைந்தோம் என்று அவள் நடுங்குகிறாள்.

4

பூட்டில் சாவி திரும்புகிறது. அப்பா ஒரு செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஹாலுக்கு வந்து, நேராக அவரிடமே கேட்கிறாள்.

"நீங்க பேசினது தப்புன்னு சொன்னீங்களாமே, நிஜமா?"

அப்பா மகளைப் பார்க்கிறார்.

ஒரு முடிவு: "நான் எப்போ சொன்னேன்?" இதை எழுதிவிட்டு, அவள் முகத்தை எழுத முடியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இன்னொரு முடிவு: "ஆமா, சொன்னேன்." படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் அவர் எங்கே சொன்னார்? அவர் சொன்னதாக நான் சொல்கிறேன். அவள் செய்ததையே நானும் செய்கிறேன்.

எனக்குத் தைரியம் போதவில்லை. அப்பாவின் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். ஒரு செருப்பு இன்னும் காலில் இருக்கிறது. அம்மா காத்திருக்கிறாள். சுவரோரமாக அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாயையே பார்க்கிறாள்.