பதில் சொன்ன ஆந்தை

கிளம்பும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ஊரே போர்வைக்குள்ள சுருண்டு கிடக்குது. இவ ஒருத்தி காக்கா குருவி பார்க்கப் போறா. வீட்டுலயே மொத ஆளா காலேஜுக்கு அனுப்பினது இதுக்குத்தானா?”

“இன்னிக்கு ஆந்தையைக் காட்டிட்டா வேலை நிரந்தரம்மா. சார் சொல்லிட்டாரு.”

“அப்ப ரெண்டு ஆந்தையாக் காட்டு.”

சிரிக்கக்கூட மகளுக்குத் தெம்பில்லை. பூங்காவில் பறவை வழிகாட்டியாகச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று இழுத்தடித்தே அவளை ஒருவழி ஆக்கிவிட்டார்கள். விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கை காட்டுவதுதான் பாதி வேலை.

ஏரிக்கரையில் ஒரு பட்டமரம். அதன் பொந்தில் சின்ன ஆந்தை ஒன்று இருந்தது. அந்த மரத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. தெரிந்தால் போனில் ஆந்தைக் குரலைப் போட்டே அதைச் சாகடிப்பார்கள். தன் இடத்தைப் பிடிக்க இன்னொரு ஆந்தை வந்துவிட்டதென்று அது பதறி வெளியே வரும். இந்தக் குளிரில் உடம்பிலிருக்கும் கொஞ்சநஞ்சச் சூடும் போய்விடும். ‘பறவைக் குரலைப் போனில் போடாதீர்கள்’ என்று வாசலில் பலகை எழுதி வைத்ததே அவள்தான்.

பூங்காவுக்கு நன்கொடை தருகிற பெரிய மனிதர்கள் ஏரியைப் பார்த்தபடி கால்மாற்றி நின்றார்கள். ஒரே பனிமூட்டம். பைனாகுலரின் மூடியைக் கழற்றாமலே ஒருவர், “ஒண்ணும் தெரியலையே” என்றார்.

பூங்காக் கண்காணிப்பாளர் அவள் காதருகே குனிந்தார். “போனை எடும்மா. குரலைப் போடு.”

“சார், பலகையில...”

“பலகையா உனக்கு வேலை குடுக்கப்போகுது?”

சண்டை போட வாய் வந்தது, உடம்பு வரவில்லை. போனை எடுத்துக் குரலைப் போட்டாள். பறவை பார்க்கிற எல்லோருடைய போனிலும் இருக்கிற அதே பதிவுதான். பதிவின் கடைசியில் எங்கோ ஒரு நாய் குரைக்கும், அதற்குள் நிறுத்திவிட்டாள்.

எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது.

விருந்தாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை போட்டாள். இன்னொரு பதில். “திங்கக்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோ” என்றார் கண்காணிப்பாளர், பல்லெல்லாம் தெரிய.

அப்போது எதிர்க்கரையில் நாய் குரைத்தது. அதே நாய்.

எவனோ ஒருவன் அங்கே போனை நீட்டிக்கொண்டு, ஆந்தை தன்னோடு பேசுகிறதென்று புல்லரித்து நிற்கிறான். அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் முதுகுப் பக்கம், பொந்தின் வாயில், நிஜ ஆந்தை சிறகு சிலிர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. ‘இதோ’ என்று ஒரு விரலை நீட்டினால் போதும்.

எதிர்க்கரையில் குரல் மறுபடி தொடங்கியது. ஆந்தை இன்னும் வெளியே நகர்ந்தது.

“யாருப்பா அங்க? நிறுத்து! இதுவும் போன்தான்!” என்று ஏரி அதிரக் கத்தினாள்.

சத்தம் நின்றது. பிறகு பனிக்குள்ளிருந்து ஓர் அழாத குறைக் குரல்: “நீங்களும் போன்தானா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. “திங்கக்கிழமை வர வேண்டாம்மா” என்றார்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பொந்து வாயில் எதுவும் இல்லை. உள்ளே போய்விட்டது.

திரும்பும் வழியில் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். “என்னடி, ஆந்தை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப வேலை?”

“நான் காட்டலம்மா.”

திட்டுக்குக் காத்திருந்தாள். அம்மா பெருமூச்சுதான் விட்டாள்.

“உன்னை வச்சுக்கிட்டு நான்... சரி, வந்து படு.”